நட்பூர்க் குழுவின் குறிப்பேடு

பெயர்ப்பலகை எழுதுகிறவர் கேட்கிறார்:
தூரம் போடவா, அக்கா?
பாம்பன், பேசாலை, நடுவில் ஓர் அம்புக்குறி.
அதன்கீழ் எத்தனை கிலோமீட்டர்?

வடகடலில் வல்லம் விட்டால்
விடியுமுன் தொட்டுவிடலாம்.
குழு போகும் வழி வேறு:
மதுரைக்குப் பேருந்து, கொழும்புக்கு விமானம்,
மன்னாருக்கு இராப்பேருந்து.
இறங்கும்போது இடுப்பு இருக்காது.
எதைப் போட?
இடத்தைக் காலியாக விடுங்கள் என்றேன்.

நாளை இருபத்திரண்டாம் ஆண்டு விழா.
நான் ஜெயசீலி, செயலாளர்.
பகலில் மீனவர் கூட்டுறவில் கணக்கு,
மாலையில் இந்தக் குறிப்பேடு.
முதல் பக்கத்திலிருந்து என் கையெழுத்துதான்.

முதல் பக்கம், சமாதானம் பேசிய காலம்.
தீர்மானம் ஒன்று: ஆண்டுக்கொரு முறை வந்துபோவது.
தீர்மானம் இரண்டு: கால்பந்து.
தீர்மானம் மூன்று: கருவாட்டைப் பரிசாகக் கொடுப்பதில்லை,
இரண்டு ஊரிலும் அதுதான் காய்கிறது.
(சிரிப்பு, என்று எழுதியிருக்கிறேன்.)

நான்காம் ஆண்டு
விருந்தினர் சொல்லாமல் வந்தார்கள்.
படகுக்காரன் மணல்திட்டில் இறக்கிவிட்டுப்
போயிருந்தான்.
பதினேழு பேர். அதில் கோல்கீப்பர் லெம்பட்,
முந்தின ஆண்டு நம் பையன்களுக்கு
ஒரு கோலும் விடாதவன்.
கையில் குழந்தை. காலில் செருப்பில்லை.
மண்டபம் முகாமின் வேலிக்கு வெளியே
குழு கூடியது.
வந்திருந்தோர்: நாங்கள் ஆறு, அவர்கள் பதினேழு.
'ஆண்டு வருகை நடந்தேறியது' என்று எழுதினேன்.
வேறென்ன எழுத?

பிறகு மூன்று பக்கம்
வெறும் தேதி.

பதினோராம் ஆண்டு, குரூசிடமிருந்து ஓர் உறை.
பிரித்தால் கடிதமில்லை,
ஒரு சாண் வலை. அறுந்தது.
உறையின் முதுகில் பேனாவால்:
உங்கள் ஊர் இழுவைப்படகு. புதன் இரவு.

குழுவில் ஒன்பது பேர்.
நால்வருக்குச் சொந்தமாய் விசைப்படகு.
நாற்காலிகள் மட்டும் முனகின.
கோப்பில் சேர்க்கலாம் என்றார் டெல்லஸ்.
கோப்பில் வைத்தால் மீன் படுமா
என்று கேட்டார் நூருல் பரக்கத் டீச்சர்.

அந்த ஆண்டு என் பெட்டியில் சேலை இரண்டுதான்,
மிச்சம் பன்னிரண்டு கிலோ நைலான் வலை.
கொழும்புச் சுங்கத்தில் விரித்துப் போட்டார்கள்.
வியாபாரமா?
இல்லை, கடன்.
வாங்கினதா, கொடுத்ததா?
அதற்குப் பதில் சொல்ல எனக்கு
எந்த மொழியும் போதவில்லை.

குரூஸ் வலையை வாங்கிக்கொண்டார்.
நன்றி சொல்லவில்லை.
இது ஒரு வள்ளத்துக்கு. எங்களிடம் நாற்பது, என்றார்.
சொன்னது சரி. அப்படியே எழுதிக்கொண்டேன்.
பிறகு சாப்பிட உட்கார்ந்தோம்.
கணவாய்ப் பிரட்டல். போதும் போதும் என்றாலும்
அவர் மகள் மறுபடியும் வைத்தாள்.

தொப்புள்கொடி உறவு என்று
நாளைய வரவேற்புரையில் இருந்தது.
அடித்துவிட்டேன்.
கொடி கேளாமல் வருவது.
இது அப்படியில்லை,
புகைப்படம் ஒட்டி, கட்டணம் கட்டி,
வரிசையில் நின்று,
கோபத்தோடும் ஒவ்வோர் ஆண்டும்
விண்ணப்பித்து வாங்குவது.

இரவு வடகடல் ஓரம் நிற்கிறேன்.
வாடை இன்னும் தொடங்கவில்லை.
கைப்பேசி அக்கரைக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு
இலங்கைக்கு நல்வரவு என்கிறது,
கால்கூட நனையாத என்னை.
எதிரே விளக்குகள். மீன்பிடிப் படகா, கடற்படையா,
இங்கிருந்து பிரித்துச் சொல்ல முடியாது.

பலகை காய்ந்துவிட்டது.
அம்புக்குறிக்குக் கீழே வெள்ளையாய் ஓர் இடம்.

நாளை கவனிக்க வேண்டியவை:
மதுரைக்கு வேன், ஐந்து மணிக்கு.
லெம்பட் வருகிறான், பயிற்சியாளராக.
அந்தக் குழந்தைக்குப் பத்தொன்பது வயது,
அவன்தான் இப்போது கோல் காக்கிறான்.
நம் பையன்களிடம் சொல்லிவைக்க வேண்டும்.
குரூசுக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது.
அவர் தேநீர் தனியாக.