சீல் வைத்த பால்

கிறிஸ்டியன்ஸ்பர்க் ஏற்றத்தில் எங்கோ முன்னால்
ஒரு லாரி குறுக்கே படுத்துக்கொண்டதாம்.
அப்போது மாலை நாலு.
ஒன்பதுக்கு என்ஜினை அணைத்தேன்.
வைப்பர்களைத் தூக்கி நிறுத்தினேன்
வெட்டுக்கிளிக் கால்கள் மாதிரி.

என் முதுகுக்குப் பின்னால்
ஆறாயிரம் காலன் பால்.
வால்வில் எண் போட்ட சீல்.
அறுத்தால் வேலை போய்விடும்.

பனி மட்டும்
ரசீது கேட்காமல் இறங்கிக்கொண்டிருந்தது.

கதவைத் தட்டினான் முன்காரின் பையன், ஆர்லோ,
டாங்கரில் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு வந்தவன்.
"பால் இருக்கா?"
இருக்கு. ஆனா இல்லை.
கையில் வெண்ணெய் இருக்க
நெய்க்கு அலைகிறவர்களைப் பார்த்துச் சிரித்தவள்தான்
நானும் இத்தனை நாள்.

பிறகு அவன் அம்மா மார்னா
கார் காராகப் போய்க் கேட்டாள்.
பாடகர்குழு வேனிலிருந்து பெரிய எவர்சில்வர் பாத்திரம்.
தங்கை வீட்டுக்கு கேக் செய்யப் போன பூலாவிடம்
வெனிலாவும் இரண்டு டின் பாலும்.
சர்க்கரை என் பங்கு:
நாலு மாநிலத்து ஓட்டல் மேசைகளில்
நான் சுட்டுவந்த பொட்டலங்கள், எண்பத்தேழு.
எண்ணியவன் ஆர்லோ. எனக்குத்தான் வெட்கம்.

தரைப்பனி வேண்டாம், சாலையில் உப்பு.
பானெட் பனி வேண்டாம், அடிச்சூட்டில் நனைந்திருக்கும்.
ஏணி பிடித்து என் டாங்கரின் மேலே ஏறினேன்.
அங்கே கிடந்தது, முழங்கை ஆழம்,
மாவு மாதிரி உலர்ந்து,
ஒரு தகட்டுக்கு அந்தப்பக்கம் பால்,
இந்தப்பக்கம் பனி.
தலைக்கவசத்தால் வாரி வாரிக் கீழே கொடுத்தேன்.

முதல் பாத்திரம் கஞ்சியாயிற்று.

"பாலைக் கடைசியில ஊத்தணும்."
குரல் வந்தது மாவட்டச் சிறை வேனிலிருந்து,
கம்பிவலைக்குப் பின்னால்.
ஆரஞ்சுச் சட்டை. மலைக்காரப் பேச்சு.
"பேசாம இரு, ஹாலிஸ்" என்றார் காவலர் ப்ரூவர்.
அவன் பேசினான்:
"பாத்திரத்தை முதல்ல பனியில புதைங்க.
சர்க்கரை. வெனிலா. அப்புறம் பால், நூல் மாதிரி.
ஒருத்தர் ஊத்தணும், ஒருத்தர் கிண்டணும்.
கை நின்னா போச்சு."

செய்தோம். மறுபடி கஞ்சி.
எங்களுக்கு அந்த வேகம் இல்லை.
மிச்சம் ஒரு டின்.

ப்ரூவர் வானத்தைப் பார்த்தார்.
சிக்னல் இல்லாத போனைப் பார்த்தார்.
ஆர்லோவைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தார்.
சாவி எடுத்தார்.
ஒரு கையைக் கதவுக் கம்பியோடு பூட்டி
ஒரு கையை விட்டார்.

நான் ஊற்றினேன், அவன் கிண்டினான்.
மரக்கரண்டி கண்ணுக்குத் தெரியவில்லை.
பனி முதலில் மணலாக இருந்தது,
பிறகு முனகியது,
பிறகு பாத்திரத்தின் ஓரத்தை விட்டு
ஒரே திரளாய் எழும்பி வந்தது.

காபிக் கோப்பைகளில், மூடிகளில்,
ஒருவர் கார்ச் சாம்பல்தட்டைக் கழுவி அதில்.
பதினொரு வண்டி ஜனம்
நடுங்கிக்கொண்டே நின்று தின்றோம்
குளிருக்குள் இன்னொரு குளிரை.
ஹாலிஸுக்கு நெற்றி விண்ணென்று தெறித்தது.
பிடித்துக்கொள்ள வேண்டும்;
இருந்த ஒரு கையில் கோப்பை.
கோப்பையை வைக்காமல்
நெற்றியைக் கதவில் முட்டிக்கொண்டு சிரித்தான்.

என்ன செய்துவிட்டு உள்ளே போனான் என்று
நான் கேட்கவில்லை.
பிறகு தேடவும் இல்லை.
பொய். ஒருநாள் தேடினேன்.
சொல்லமாட்டேன்.

இரண்டரைக்குப் பனிவாரியின் மஞ்சள் விளக்கு.
ப்ரூவர் கையை நீட்டினார், அவனும் நீட்டினான்.
விலங்கு பூட்டிய சத்தம்
சின்னதுதான்.
ஆர்லோ பாத்திரத்தை வழித்துக்கொண்டிருந்தான்.

காலையில் பண்ணைக் கிடங்கில்
எழுத்தர் குனிந்து சீலைப் பார்த்தார்,
எண்ணைச் சரிபார்த்தார்.
குறைவு: இல்லை.
கையெழுத்துப் போட்டேன்.
டாங்கரின் மேல்
தலைக்கவச வடிவில் பள்ளங்கள் இருந்தன.
யாரும் ஏறிப் பார்க்கவில்லை.
பத்துமணி வெயிலில்
அதுவும் சொட்டத் தொடங்கியது.