தாங்கும் திறன்

பீன்யாவில் என் வேலை
பம்புகளை ஓடவிட்டு
எத்தனையாவது மணியில் சாகின்றன என்று குறித்துக்கொள்வது.
அதனால் பொம்மைக் கடையிலும்
கை சும்மா இருக்காது.

மல்லேஸ்வரம், எட்டாம் கிராஸ்.
ஜேசிபியின் கையை முழுக்க விரித்து
மூட்டில் கட்டைவிரலை வைத்தேன்.
"முரியல்ல மேடம்" என்றார் கடைக்காரர்.
அழுத்தினேன்.
முறிந்தது.
நூற்றெண்பது ரூபாயை எண்ணி வைத்துவிட்டு
அடுத்ததைக் கேட்டேன்.
அடுத்ததை அவர் எடுத்துத் தரவில்லை.

வீட்டில் ஏற்கெனவே ஒரு யார்டு இருக்கிறது
கட்டிலுக்கடியில்.
கொக்கி போன கிரேன்,
பட்டை கழன்ற புல்டோசர்,
கான்கிரீட் மிக்ஸரின் வயிறு மட்டும் தனியாக.
அதில்தான் ஆரணி பால் குடிக்கிறாள்.
மூன்றே கால் வயது.
அம்மாவுக்குப் பிறகு
அவள் திருத்தமாகச் சொன்ன சொல் எக்ஸ்கவேட்டர்.
எனக்கே நாக்கு புரளும்.

ஹெப்பாளில் மெட்ரோ வேலை.
தகரத் தடுப்பில் ஓர் ஓட்டை,
மாலையில் அவள் கொஞ்ச நேரம், நான் கொஞ்ச நேரம்.
அன்று எந்திரம் கையைத் தரையில் கிடத்தியிருந்தது.
ஒருவர் அதன் முழங்கையருகே குந்தி
கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தார்.
"ஊசி போடறாங்களா?"
ஆமாம் என்றேன்.
"அழலையே."

ஞாயிற்றுக்கிழமை, நான்காவது கடையில்,
இரும்பில் ஒன்று.
ஒட்டு இல்லை, எல்லாம் திருகு.
முனைகளைக் கன்னத்தில் தேய்த்தேன்,
மஞ்சள் பெயிண்டை நகத்தால் சுரண்டினேன்.
கதவிடுக்கில் வைத்து நசுக்க மட்டும் விடவில்லை.
ஆயிரத்து நானூறு.
முகுந்தன் கேட்டால் எழுநூறு.

அன்றிரவே மேசையிலிருந்து விழுந்தது.
ஓடினேன்.
கை, பக்கெட், பட்டை, திருகு,
ஒரு கீறல் இல்லை.
டைல்ஸ் இரண்டாய்ப் பிளந்திருந்தது.
ஓனர் அட்வான்ஸில் கழிப்பார்.

என் ரிஜிஸ்டரில் இதற்குக் கட்டம் கிடையாது:
பொருள் தேறியது,
சோதனை மேடை போயிற்று.

ஆரணி விரிசலுக்கு நேரே
வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினாள்.
வாசலிலிருந்த செருப்புகளையெல்லாம் அள்ளிவந்து
சுற்றிலும் தடுப்பு.
சிமெண்ட் துகளைத் துளித்துளியாய்த் தோண்டி
பால் குடிக்கும் வயிற்றில் கொட்டினாள்.
தூக்கம் வரும்வரை வேலை நடந்தது.

காலை ஆறரைக்கு
நைட் ஷிஃப்ட் முடித்து வந்த முகுந்தன்
செருப்பு வரிசையின் முன் நின்றான்.
ஏன் என்று கேட்கவில்லை.
எப்போது முடியும் என்றும் கேட்கவில்லை.
பதினோரு வருட பெங்களூர்.
பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு
சோபாவைச் சுற்றி
சமையலறை வழியாகப் போனான்.