இரண்டு பதினாலின் நிழல்

மிக்சியின் சின்ன ஜார் கீறிவிட்டது.
சட்னி அரைத்தால் அடியில் கசிந்து
மேசைமேல் பச்சையாக ஒரு குளம்.
பகாவ் கடைத்தெருவில் கடைகடையாய் ஏறி இறங்கினேன்.
"அந்த மாடலா? அது போய் ஆறு வருசம்" என்றார்
மின்சாமான் கடை ஆ லியோங்,
கால்குலேட்டரிலிருந்து தலை தூக்காமலே.

போனில் இருந்தது. கிள்ளானில் ஒருத்தி, மங்களேஸ்வரி.
பழைய ஜார், கைபடாத மூடி,
அறுபத்தெட்டு வெள்ளி.
ஐம்பது என்று தட்டினேன்.
அறுபத்தைந்து என்றாள்.
ஐம்பத்தைந்து, இது தோட்டத்துச் சம்பளம் என்றேன்.
ஐம்பத்தேழு, எனக்கும் வாடகை இருக்கு என்றாள்.
முகம் பாராமல் முடிந்தது பேரம்.

வெள்ளிக்கிழமை
'ஒப்படைக்கப்பட்டது' என்று வந்தது.
வாசலில் ஒன்றும் இல்லை.
பக்கத்து வீட்டில் இல்லை, ஜாகா அறையிலும் இல்லை.
ஆதாரமாக ஒரு படம்:
சிமெண்டுப் படி, சாம்பல் நிறப் பொட்டலம்,
ஓரத்தில் ஒரு நாயின் பின்னங்கால்கள், வால்.
என் வாசலில் படியே கிடையாது.

லயத்தை இடித்தபோது
வீட்டெண்களையும் கலைத்துப் போட்டார்கள்.
ஆறாம் எண் இங்கே மூன்று இடத்தில் இருக்கிறது.
தபால்காரருக்குத் தெரியும்.
பொட்டலத்துக்கு எண்பது சென் வாங்கிப்
பறக்கிற பையனுக்கு எப்படித் தெரியும்?

செயலி மலாயில் கேட்டது, பொருள் கிடைத்ததா என்று.
இரண்டே பொத்தான்கள்.
கீழே நேரம் குறைந்துகொண்டே வந்தது,
குக்கர் விசிலை எண்ணுவதுபோல் எண்ணினேன்.
திங்கள் இரவு, பதினெட்டு நிமிடம் மிச்சம்,
'கிடைக்கவில்லை' அழுத்தினேன்.
விடியுமுன் ஐம்பத்தேழு வெள்ளியும் திரும்பிவிட்டது.

படத்தை மட்டும் அழிக்கவில்லை.
ஆலையில் எடைமேடைக் கிராணி நான்;
லாரி வரும், குலை வரும், எண் எழுதுவேன்.
படத்தின் மூலையில் பொடி எழுத்தில்: 14:14.
வாலின் நுனியில் வெள்ளை.
அட, இது நம் கேண்டீன் நாய்!
யாருடையதும் இல்லை, அதற்கு முகவரி கிடையாது,
ஆனால் நேரம் உண்டு.
பன்னிரண்டுக்கு எலும்பு,
ஒன்றுக்கு எடைமேடைக்கு அடியில்,
இரண்டு தாண்டினால் வெயில் அங்கே புகுந்துவிடும்,
எழுந்து எங்கோ நடக்கும்.

புதன் மதியம் பின்னாலேயே போனேன்.
மூடிக்கிடக்கும் தோட்டத்து ஆஸ்பத்திரி.
கதவில் துருவேறிய ஆறு.
படியில் நாய் சுருண்டது; அதன் முதுகுக்குப் பின்னே
மழையில் நனைந்து உலர்ந்த என் பெயர்.

ஜார் பொருந்தியது. கசியவில்லை.

இப்போது பணமும் என்னிடம், பொருளும் என்னிடம்.
செயலி முழுக்கத் துழாவினேன்.
'பிறகு கிடைத்தது' என்பதற்குப் பொத்தானே இல்லை.
புகார் முடிந்தது, பச்சையில் ஒரு டிக்.
மங்களேஸ்வரிக்கு எழுதினேன்:
பணம் அனுப்புகிறேன், கணக்கு எண் தாருங்கள்.
பதில் அந்த நிமிடமே வந்தது.
'போன மாசமும் ஒருத்தன் இப்படித்தான் ஆரம்பிச்சான்.
கணக்கு எண்ணெல்லாம் தர மாட்டேன்.'
அவள் சொல்வதும் சரிதான்.

அவள் கடையிலேயே மேய்ந்தேன்.
பழைய டார்ச் லைட், பிள்ளைச் சட்டை, இடியாப்ப அச்சு,
கடைசியில், மூடிக்கு ரப்பர் வளையம், மூன்று வெள்ளி.
அதற்கு அறுபது என்று விலை சொன்னேன்.
செயலி தடுத்தது:
'நீங்கள் சொல்லும் விலை கேட்டதைவிட அதிகம். உறுதியா?'
உறுதி.
மறுபடி கேட்டது.
உறுதிதான், போ.

ஒருநாள் முழுக்கச் சத்தமில்லை.
மறுநாள் ஆலைச் சங்கு ஊதும் நேரம்
'ஏற்கப்பட்டது.'
கீழே ஒரே வரி:
'வீட்டுக்கு அடையாளம் என்னா? இந்தத் தடவை சரியா எழுதுங்க.'

எழுதினேன்:
படி இல்லாத வாசல், குழாயடியில் நீல வாளி.
நாய் படுத்திருந்தால்
அது என் வீடு இல்லை.