மூன்றாம் வருகை

பிராண்டனில் ஜனவரி.
கார்க் கண்ணாடியின் பனியைச் சுரண்டி மரத்துப்போன விரல்களோடு
கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன்,
ஒன்பது வயதுக்கு அளவெடுத்த நாற்காலியில்,
முழங்கால் முகவாயை இடிக்க.

மடியில் படிவம். ஏழு கட்டங்கள்.
குரல், திட்டமிடல், நேரம், நடத்தை மேலாண்மை
என்று போகும்.
ஒன்று முதல் நான்கு வரை
வட்டம் போட்டால் என் வேலை முடிந்தது.

எபெலே அனோசி பின்னம் நடத்திக்கொண்டிருந்தாள்.
பன்னிரண்டு குழி முட்டைத் தட்டு,
மூன்று குழியில் பொத்தான்கள்.
"பன்னிரண்டில் மூன்று. சுருக்கினால்?"
"கால்!" என்று நாலைந்து குரல்.
நல்ல பாடம். எழுதிக்கொண்டேன்.

பிறகு அவள் டானரின் நோட்டைத் திருத்தக் கை நீட்டினாள்.
அவன் நோட்டை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்:
"கழுவிட்டு வந்து தொடுங்க டீச்சர்.
அது ஒட்டிக்கும்."

இரண்டு பேர் சிரித்தார்கள்.
ஜன்னலோரத்தில் ரெய்லின் மஸ்க்வா
பென்சிலைக் கீழே வைத்துவிட்டு
ஸ்வெட்டர் கைக்குள் தன் கைகளை இழுத்துக்கொண்டாள்.
ஆமை மாதிரி என்று எழுத வருகிறது.
இல்லை. கைகளை ஒளிப்பது மாதிரி.

எபெலே மார்க்கரை மூடினாள். அந்தச் 'டக்' எனக்குக் கேட்டது.
வாயைத் திறந்தாள்.
அதற்குள் மேசைக்குப் பின்னாலிருந்து ப்ரோகோப்சுக்:
"சரி சரி, நேரமாகுது. அடுத்த கணக்கு."

அடுத்த கணக்குக்குப் போனார்கள்.
நானும் போனேன்.
நடத்தை மேலாண்மை:
நிதானமாகச் சமாளித்தார். நான்கு.

போன அக்டோபரில் இதே நகரத்தின் ஓட்டல் அரங்கில்
இனவெறிக்கு எதிரான பயிலரங்கு.
நாற்பத்தோரு ஸ்லைடு. நடத்தியது நான்தான்.
பன்னிரண்டாவது ஸ்லைடில் தடித்த எழுத்தில்
"மௌனம் நடுநிலை அல்ல" என்று போட்டிருந்தேன்.
தேநீர் நேரத்தில் பலர் பாராட்டினார்கள்.

மணி அடித்த பின் தாழ்வாரத்தில்,
ஈரம் சொட்டும் சின்னச் சின்ன பூட்ஸ் வரிசைக்கு மேலே,
எபெலே படிவத்தை வாசித்தாள்.
மெதுவாக வாசித்தாள்.

"நிதானம்னு யார் சொன்னது?"

நான் தான், என்றேன், பாராட்டாக.

"மிசஸ் ஹால்டார்சன், நான் எண்ணிக்கிட்டு இருந்தேன்.
பன்னிரண்டு வாரத்துல மூணு முடிஞ்சுது. கால்.
இன்னும் முக்கால் இருக்கு, இதே அறையில,
எனக்கு மதிப்பெண் போடுற அதே மனுஷரோட.
அதுக்குப் பேர் நிதானம் இல்ல.
அதுக்கு உங்க படிவத்துல கட்டமே இல்ல."

பேனாவில் எழுதியது. அழியாது.
குறுக்கே கோடு கிழித்தேன்.
கோட்டுக்கு மேல் என்ன எழுதுவது?
'பேச முற்பட்டார், தடுக்கப்பட்டார்.'
தடுத்தவர் பெயர் இல்லாத வாக்கியம்.
அவள் ஒரு விரலை அந்த வெற்றிடத்தில் வைத்தாள்.

'வகுப்பாசிரியரால்' என்று சேர்த்தேன்.
விரலை எடுக்கவில்லை.
'மேற்பார்வையாளர் பார்த்துக்கொண்டிருந்தார்'
என்றும் சேர்த்தேன்.

என்ன உதவி வேண்டும் என்று கேட்டேன்.
கேட்டதும் கூசியது;
பயிலரங்கில் சொல்லித் தந்த வாக்கியம் அது.
அவள் கோட்டை மாட்டிக்கொண்டே,
"டானர்கிட்ட நாளைக்கு நான் பேசுவேன். ரெய்லின்கிட்டயும்.
அது என் வகுப்பு.
உள்ளே இருக்காரே, அவர்கிட்ட நீங்க பேசுங்க.
அது என் வேலை இல்ல.
எனக்கு நாளைப் பாடத்துக்கு இன்னும் இரண்டு முட்டைத் தட்டு வேணும்,
கடை அஞ்சுக்கு மூடிடும்."

போய்விட்டாள்.
கதவு திறந்த இடைவெளியில்
மைனஸ் இருபத்தெட்டு உள்ளே வந்து போயிற்று.

ப்ரோகோப்சுக் நாற்காலிகளை
மேசைமேல் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.
என் அப்பாவின் இறுதிச் சடங்கில் பெட்டி சுமந்தவர்களில் ஒருவர்.
இருபது வருஷமாக என் மாணவர்களை ஏற்றுக்கொள்பவர்.
"இன்னும் போகலையா? சாலை உறையுது" என்றார்.

நானும் ஒரு நாற்காலியைத் தூக்கினேன்.
கவிழ்க்காமல் வைத்துக்கொண்டே நின்றேன்.

"கிரெக்," என்றேன்.