உதட்டுக்குப் பொருந்தியது

தொடரில் அது புதுச்சேரி,
ஆயிரத்து எழுநூற்று நாற்பத்தெட்டு,
முற்றுகைக் காலத்துத் துபாஷ் வீடு.
எடுத்தது என்னவோ கடலூர் முதுநகரில்.
வாடகை குறைவு என்று
எடிட்டர் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

நாற்பத்திரண்டு எபிசோடு
அந்த வீட்டுக்குள் பேசியிருக்கிறேன்,
ஒருநாளும் போனதில்லை.
சாலிகிராமத்தில் ஒரு மூடிய அறை,
சத்தம் விழும் என்று ஏ.சி.யையும் அணைத்துவிட்டு
வெந்நீர் பிளாஸ்க்கோடு நின்றபடி
துபாஷின் மனைவியாக இருந்தேன்.

சிப்காட் பக்கமிருந்து காற்றடித்தால்
மூக்கைப் பிடிச்சுக்குங்க என்றார் ஷேர் ஆட்டோக்காரர்.
தொடரில் அந்தக் காற்றுக்குத்
திரைச்சீலை அசைக்கிற வேலை.

உப்பனாற்றை ஒட்டிய சந்தில்
அதே ஜன்னல்.
மஞ்சள் சாயம் காமிராவுக்கு எட்டிய உயரம்வரைதான்,
அதற்கு மேல் பழைய நீலம்.

நெத்திலி ஆய்ந்த கையைப் பின்னால் வைத்துக்கொண்டு
ஹபீபுன்னிசா கதவைத் திறந்தார்.
"ஷூட்டிங் வீடா? பாருங்க, பாருங்க.
போன வாரம் திருச்சியிலேர்ந்துகூட வந்தாங்க."
நான் யாரென்று சொல்லவில்லை.
சொன்னால் பேசிக் காட்டச் சொல்வார்கள்.

கவர்னரின் கடிதத்தை எரித்த முற்றத்தில்
வாஷிங் மெஷின் குதித்துக்கொண்டிருந்தது.

"இந்தப் படியிலதாங்க அந்தப் பொண்ணு அழுதுச்சு.
வடக்கத்திப் பொண்ணு, தமிழ் வராது.
ஏக் தோ தீன்னு எண்ணிக்கிட்டே
அப்படியொரு அழுகை!
எங்க சின்னவன் சிரிச்சிட்டான்,
வெளியே அனுப்பிட்டாங்க."

தெரியும்.
ஏழு எண்கள். ஐந்தாவதில் மட்டும்
உதடு ஒட்டிப் பிரியும்.
காகிதத்தில் இருந்த வசனம்
"போய் வாருங்கள், வீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்."
எங்கே வைப்பது இத்தனையையும்?
விடியும் வரை விரல்விட்டு எண்ணிக்
கடைசியில் கிடைத்தது:
என், னை, விட், டுப், போ, கா, தே.
கணவனை ஒருமையிலா என்று இழுத்தார் இயக்குநர்.
'தீர்கள்' போட்டால் வாய் மூடிய பிறகும்
குரல் மிஞ்சும் என்றேன்.

அப்படித்தான்
கெஞ்சாத ஒருத்தி கெஞ்சினாள்.
வீடு வீடாக அழுதார்கள்.
எனக்கு ஒரு கேடயம் தந்தார்கள்,
டி.வி.க்குப் பக்கத்தில் இருக்கிறது.

ஹபீபுன்னிசா உள்ளே போனதும்
படியில் நின்றேன்.
எதிரே முகமில்லை, சிவப்பு விளக்கில்லை,
ஒட்டவேண்டிய உதடு என்னுடையதுதான்.

"போய் வாருங்கள்," என்றேன்,
"வீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்."

எதிரொலி வரவில்லை.
அதெல்லாம் தேவசகாயம் பிறகு சேர்ப்பது.
இங்கே கூரை தாழ்வு;
சொன்ன சொல் சொன்ன இடத்திலேயே நின்றது,
ஈரக் காலோடு வந்த ஆள் மாதிரி.

அடுப்படியிலிருந்து குரல்:
"அதுக்குள்ள கிளம்பிட்டீங்களா?
வீட்டை நீங்க எதுக்குங்க பாக்கணும்,
டீ போட்டிருக்கேன், இருங்க."