தன்மை ஒருமை

கோர்ன்வாலில் தமிழுக்குச் சத்தியம் செய்த ஆள்
நான் ஒருவன்தான்.
அதனால் விடியப்புறம் நாலரைக்கு என்னை எழுப்பினார்கள்.
மணிக்கு முப்பத்தைந்து டொலர்,
எப்படியும் மூன்று மணிநேரம் தருவார்கள்.
வெளியில் மைனஸ் இருபத்தாறு.
சென் லோறன்ஸ் ஆறு
தன்மேல் தானே கதவடைத்துக் கிடந்தது.

கொலை என்றார்கள்.
குகநேசன் என்றார்கள்.
"தெரிந்த மனிதர், வரமாட்டேன்" என்று
ஒரு வரி சொல்லியிருக்கலாம்.
செத்தது யார் என்று அவர்கள் சொல்லவில்லை.
அதைக் கேட்கத்தான் போனேன்.

என்னைக் கண்டதும் தலையாட்டினான்,
தன் ஆள் வந்துவிட்டான் என்பதுபோல.
டிடெக்டிவ் புஷார் கேட்டார், தெரியுமா இவரை?
முகம் தெரியும் என்றேன்.
முகட்டில் கமெரா. சின்னச் சிவப்பு வெளிச்சம்.

என் தொழிலுக்கு ஒரேயொரு விதி.
அவன் நான் என்றால்
நானும் நான் என்றே சொல்லவேண்டும்.
அவர் சொல்கிறார், அவர் நினைக்கிறார்,
அதெல்லாம் கூடாது.
தன்மை ஒருமை.

"கீழறைக் கேதாரனைக் குத்தினனான்."
கேதாரனை நான் குத்தினேன் என்று
ஆங்கிலத்தில் என் வாய் சொன்னது.
தர்மினி உயிரோடிருக்கிறாள்.
முதலில் வந்தது அந்த நினைப்புத்தான்,
பொய் சொல்லவில்லை.
பிறகுதான் அந்தப் பெடியன் வந்தான்:
கல்லூரிக்குப் பஸ்ஸில் போகிறவன்,
போன கிழமை புதைந்துபோன என் காரை
மண்வெட்டியால் தோண்டித் தந்து
"பரவாயில்லை அண்ணை" என்றவன்.

ஏன் என்றார் புஷார்.

"நான் இரவு வேலைக்குப் போனால் வீட்டுக்கு ஒருத்தன் வாறான்.
ஆரெண்டு மூண்டு நாள் கேட்டன்.
நாலாம் நாள் கேதாரன் எண்டாள்."

என் பெயர் இருந்த இடத்தில்
இன்னொரு பெயரை எடுத்து வைத்திருக்கிறாள்.
அதுவும் மொழிபெயர்ப்புத்தான்.
பிழையில்லாமல் சொன்னேன், அவள் சொன்னதை
அவன் சொன்னதாக, அவன் சொன்னதை நானாக.
தொண்டை மட்டும் ஒருமுறை அடைத்தது.
புஷார் கோப்பியை என் பக்கம் தள்ளிவிட்டார்.

"தை மாசம் ஒருநாள் வேளைக்கு வேலை முடிஞ்சுது.
பின்வாசலில ஒரு சோடி பூட்ஸ்.
ஓரமெல்லாம் வீதி உப்பு. பச்சை நாடா.
திரும்பிப் போய்க் காருக்குள்ள இருந்தனான்,
விடியும் மட்டும்."
கொஞ்சநேரம் பேசவில்லை.
"குத்தின பிறகுதான் பாத்தன்.
கேதாரனுக்குச் சின்னக் கால்."

அதையும் சொன்னேன். சின்னக் கால்.
புஷார் எழுதுவதை நிறுத்தினார்.

மேசைக்கடியில் என் பனி உருகத் தொடங்கியிருந்தது.
கறுத்த தண்ணீர், ஒரு விரல் அகலத்தில்,
அவன் பக்கம் ஊர்ந்தது.
காலை இழுத்தேன்.
இழுத்ததால்தான் குனிந்து பார்த்தான்.

மூன்று மணிநேரமாக அவன் அவன் என்றிருந்த வாய்
படர்க்கையைக் கைவிட்டது.
கத்தவில்லை. சோறு போட்டுக் கேட்பதுபோல
இரண்டே எழுத்து:
"நீயோ?"

என்ன சொல்கிறார்? என்றார் புஷார்.

பதினொரு வருடத்தில் முதல்தடவை விதியை மீறி
"அவர்" என்று தொடங்கினேன்.
அவர் தண்ணீர் கேட்கிறார்.

வந்தது, கடதாசிக் கோப்பையில்.
பண்டகசாலையில் பத்தொன்பது வருடம்
ஆங்கில மேலாளர்களுக்குப் பெட்டி தூக்கியவன்,
என் முகத்திலிருந்து கண்ணெடுக்காமல்
கடைசித் துளிவரை குடித்தான்.
வாயைத் துடைத்தான்.
புஷாரிடம் அல்ல, என்னிடம் சொன்னான்,
உச்சரிப்புப் பிசகாமல்:
"தேங்க் யூ."

சிவப்பு வெளிச்சம் அணையவேயில்லை.
ஒட்டாவாவில் என்றோ ஒருநாள்
தமிழ் தெரிந்த யாரோ காதில் கருவி மாட்டி,
அந்த இரண்டு எழுத்தில் நின்று,
மறுபடி ஒருமுறை ஓடவிட்டுக் கேட்பார்.

நேரத்தாளில் கையெழுத்திட்டேன்.
பார்க்கிங் ஏழு டொலர், அதையும் எழுதினேன்.
காரில் கைபேசி நடுங்கியபடி கிடந்தது.
தர்மினி, பதினான்காவது தடவை.
எடுக்கவில்லை.
குனிந்து
நாடாவை அவிழ்க்கப் பார்த்தேன்,
ஈரமாகி முடிச்சு இறுகிவிட்டது.