இருபத்தெட்டு நாள் காசு

அந்தக் காசின் முகம் எனக்குத் தெரியும்.
ஒரு கோடியே பன்னிரண்டு இலட்சம்.
ஆடியில் அச்சுவேலிப் பெடியன் ஒருவனின் கணக்கில் கிடந்தது.
புரட்டாதியில் சங்கானை, தாதியியல் படிக்கப் போன பிள்ளை.
மார்கழியில் கொடிகாமம்:
காணி உறுதியைப் புடவைக்கடைப் பைக்குள் சுற்றி
மடியில் வைத்திருந்த தகப்பன்,
இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை.

இருபத்தெட்டு இரவு அசையாமல் கிடக்க வேண்டும்.
விசாக்காரர் கேட்பது அவ்வளவுதான்.
இருபத்தொன்பதாம் நாள் காலை
நவரத்தினராசா முதலாளி, சட்டையில் சிமெந்துத் தூசியோடு வந்து
அதைக் கூட்டிக்கொண்டு போவார்.
வட்டி இரண்டு இலட்சம் தனி.
அது எங்கள் கவுண்டருக்கு வருவதில்லை.

ஸ்ரான்லி வீதிக் கிளை, மூன்றாம் கவுண்டர்,
மீதிச் சான்றிதழ் அடித்துக் கொடுப்பவள் நான்.
ஆருக்கும் ஒன்றைச் சொல்லாமல் விட்டதில்லை:
"மேலதிகமா ஒரு ஐந்நூறு ரூபா போட்டு வையுங்கோ."

ஏனென்றால்
குறுஞ்செய்திக் கட்டணம் மாதம் முப்பது ரூபா,
வங்கி கேட்காமல் எடுக்கும், சாமத்தில்.
ஊரெழுப் பெடியன் ஒருவனுக்கு அப்படித்தான்
பதினேழாம் நாள் முப்பது ரூபா குறைந்தது.
நிதி போதாது என்று கடிதம் வந்தது.
இப்போது எங்கள் கிளைக்குத் தண்ணிப் போத்தல் இறக்குகிறான்.
என்னைக் கண்டால் சிரிப்பான்.
அவனுக்குச் சொல்ல மறந்தது நான்தான்.

இந்தப் பங்குனியில்
காசு என்னிடம் வந்தது.

அதற்கு முன் கொழும்புக்கு இரவு பஸ், நெஞ்சை எக்ஸ்ரே எடுக்க.
மூச்சைப் பிடி என்று சிங்களத்தில் சொன்னார்கள்.
ஆங்கிலத்தில் பிடித்தேன்.
பேச்சுப் பரீட்சையில்
நீ அடிக்கடி போகும் இடமொன்றை விபரி என்றார்கள்.
கவுண்டரை விபரித்தேன். ஆறரை.

பிறப்புச் சான்றிதழில் ஜே போட்ட யசோதினி,
பள்ளிக்கூடத்தில் வை போட்ட யசோதினி,
அடையாள அட்டையில் எச் விழுந்துபோன இன்னொருத்தி.
மூவரும் ஒருவரே என்று
சமாதான நீதவான் முத்திரை குத்தினார்,
ஆயிரத்து ஐந்நூறு.
"எங்கட கோயிலில இதைச் சும்மாவே சொல்லுவினம்"
என்றாள் பக்கத்துக் கவுண்டர் யூடித்.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி:
படிப்பு முடிந்ததும் நாடு திரும்புவீரா?
ஆம் என்று எழுதினேன்.
அதற்கு மட்டும் ஒருவரும் சான்றிதழ் கேட்கவில்லை.

பதினொராம் நாள் வீட்டில் காஸ் முடிந்தது.
அம்மா போன் எடுத்தா.
"ஒரு ஐயாயிரம் எடுத்துக்கொண்டு வாவன்."
"ஏலாதம்மா. சம்பளம் வெள்ளிக்கிழமைதான்."
"உன்ர கணக்கில கோடி கிடக்கெண்டு கொப்பா சொன்னார்?"
"கிடக்கு."
கோடீஸ்வரி வீட்டில் மூன்று நாள்
விறகடுப்பு.

இருபத்தெட்டு முடிந்து,
கவுண்டரைச் சுற்றி மற்றப் பக்கம் போனேன்.
துண்டு எடுத்தேன், நாற்பத்தேழு.
அந்தப் பக்கத்துக் கதிரை பதிவு என்று
ஆறு வருடமாக எனக்குத் தெரியாது.
யூடித் என் பெயரை முழுதாக வாசித்தாள்,
எங்கோ கேள்விப்பட்ட ஒருத்தியின் பெயர் போல.
கையெழுத்து, முத்திரை, இன்னொரு முத்திரை.
"மேலதிகமா ஏதும் போட்டனீரோ, மிஸ்?"

அடுத்த நாள் ஒன்பது மணிக்கு முதலாளி வந்தார்.
மிச்சம் நானூற்றி எழுபது ரூபா.
அது முழுக்க என்னுடையது.

விசா இன்னும் வரவில்லை.
பின்னேரம் மூன்றாம் கவுண்டருக்கு
நீர்வேலிப் பிள்ளை ஒருத்தி வந்தாள்.
கணக்கைத் திறந்தேன்.
அவளுக்கு முதலே வந்து உட்கார்ந்திருந்தது அது,
ஒரு கோடியே பன்னிரண்டு இலட்சமும்,
என்னைத் தெரியாத மாதிரி.